தலையில் இல்லாத வேட்டி

ஜேசுதாஸ் சும்மா ஒரு வார்த்தை சொல்லுகிற ஆளா? அன்று முழுக்க டைட்டஸுக்கு இதே நினைப்பு.

"எலே டைட்டஸே, நீ தலையைத் தூக்கிப் பிடிச்சு நீந்துற. அதான் காலு தாழுது. மொகத்தை வெள்ளத்துல வச்சு நேரே கீழ பாரு. வயித்தை எக்கிப் பிடி. ஒடம்பு பலகை மாதிரி மெதக்கும்" என்றிருந்தான் ஜேசுதாஸ்.

அருமனை ஆற்றங்கரைக்காரனுக்குத் தலையைத் தாழ்த்துவது லேசா? வேட்டியையும் புத்தகத்தையும் தலையில் கட்டிக்கொண்டு, நனையாமல் ஆற்றைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவன் டைட்டஸ். தலையில் ஒன்றும் இல்லாதபோதும் கழுத்து விறைத்துத்தான் நிற்கும்.

அது கிடக்கட்டும். நாகர்கோவில் குளத்துப் போட்டியில் முதல் இரண்டு பேர்தான் திருவனந்தபுரம் போவார்கள். அங்கே ஜெயித்தால் திருவிதாங்கூர்-கொச்சி போலீசில் வேலை. இல்லையென்றால் அப்பனோடு ரப்பர் வெட்டப் போக வேண்டியதுதான். ஜேசுதாஸ் எப்படியும் முதலில் வருவான். இரண்டாம் இடத்துக்கு டைட்டஸும் செல்வதாஸும். அந்தச் செல்வதாஸ் யார்? ஜேசுதாஸின் சொந்தச் சித்தப்பா மகன்! தம்பியை விட்டுவிட்டு எவனாவது ஊரானுக்குச் சொல்லித் தருவானா? கீழே பார்த்து நீந்திக் குளத்து மூலையில் போய் முட்டிக்கொள்ளவா? நல்ல ஆளப்பா!

இருந்தாலும் ஆளில்லாத நேரம் பார்த்து ஆற்றில் செய்து பார்த்தான். கர்த்தாவே! இடுப்பு மேலே வந்தது, காலும் கூடவே வந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. சந்தேகமும் கூடிவிட்டது. எனக்கே இவ்வளவு சொன்னவன் தம்பிக்கு என்னவெல்லாம் சொல்லியிருப்பான்?

போட்டியன்று வயிற்றை எக்கி, முகத்தைத் தாழ்த்திப் பாய்ந்தான். பாதிக் குளம் வரை செல்வதாஸ் பின்னால்தான். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன நினைப்பு மறுபடி வந்தது. தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தான். செல்வதாஸ் பழையபடியே தலையை நிமிர்த்தி வந்துகொண்டிருந்தான். டைட்டஸ் நம்பவில்லை. மறுபடி பார்த்தான். வயிறு தளர்ந்தது, கால் தாழ்ந்தது. செல்வதாஸ் ஒரு கை முந்திப் படியைத் தொட்டான்.

முதலில் வந்த ஜேசுதாஸ் படியில் நின்றிருந்தான்.

"எதுக்குலே நடுவுல தலையைத் தூக்கின?"

"ஒன் தம்பிக்கு நீ என்ன சொல்லிக் குடுத்தேன்னு பாத்தேன்."

"அவனுக்கா? ஒண்ணும் சொல்லலியே மக்கா. புதுக்கடைச் சந்தையில அவனுக்கு அப்பன் கடை கெடக்கு. ஒனக்குத்தானே வேலை வேணும்."

டைட்டஸின் தலை தானாகத் தாழ்ந்தது.