மாமன் நிலத்துச் சாமை

பரிசம் கட்ட வக்கில்லாதவன், பெண்ணைப் பெற்றவரின் நிலத்தில் உழைத்துக் காட்டிப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம். ஜவ்வாது மலையில் அந்த ஊரின் பழைய வழக்கம் அது. மாதையன் அப்படித்தான் குப்பம்மாளைக் கட்டினார். மாமனார் ஏர் பூட்டச் சொன்னால் பூட்டினார், கல் பொறுக்கச் சொன்னால் பொறுக்கினார். மூன்று வருஷம் முதுகொடிய உழைத்தார். அந்தக் கதையை அவர் ஆரம்பித்தாரென்றால் எதிரில் இருப்பவர்கள் எழுந்து ஓட வழி தேடுவார்கள்.

அந்த வழக்கத்தை நம்பி இந்தக் காலத்திலும் ஒருத்தன் வந்தான். தூரத்துச் சொந்தம், பெயர் பழனி. மாதையனின் மகள் மஞ்சுளாவைக் கேட்டு, விதைப்பிலிருந்து சாமை அறுப்பு வரை மாடாக உழைத்தான். மாதையனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் இளவயசையே திரும்பப் பார்ப்பதுபோல் இருந்தது.

"பையன் தங்கம். தையில முடிச்சிடலாம்," என்றார் குப்பம்மாளிடம், சோற்றைப் பிசைந்தபடி.

"வாணா. நம்ம தீர்த்தகிரி மவன் கேக்கறானே, பெங்களூர்ல வாட்ச்மேனா இருக்கறவன், அவனுக்குக் குடுக்கலாம். மஞ்சுளாவும் அதான் சொல்றா."

"நாள் பூரா நாற்காலில குந்திக்கினு கேட்டைத் தொறக்கறவனா? அது ஒரு வேலையா?"

"குந்தட்டும். எம்பொண்ணும் கொஞ்சம் குந்தட்டும்." குப்பம்மாள் குழம்பை ஊற்றினாள். "நீ நல்லா உழைக்கறன்னுதான் எங்கப்பன் என்னைக் குடுத்தாரு. உழைக்கறவனுக்கு வாக்கப்பட்டா இன்னா கெடைக்கும்? அவன்கூட சேந்து உழைக்கலாம். வேற இன்னாத்த கண்டேன்?"

அவள் சண்டைக்கு வந்திருந்தால் மாதையனும் எகிறியிருப்பார். உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் சொல்லிவிட்டாள். இத்தனை காலமும் அவளை நன்றாக வைத்திருப்பதாகத்தான் மனுஷன் நினைத்திருந்தார். பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் விட்டார். வாசற்படியில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் களத்துமேட்டில் பழனியைத் தனியே கூப்பிட்டார். "பொண்ணு ஒத்துக்கலப்பா. மனசுல வச்சுக்காத." காரணத்தை மட்டும் சொல்லாமல் விட்டார். நீ நன்றாக வேலை செய்கிறாய், அதனால்தான் வேண்டாம் என்கிறார்கள் என்று எந்த வாயால் சொல்வது?

பழனி தலை குனிந்தபடி கேட்டுவிட்டுப் போய்விட்டான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது மாதையனுக்கு ஆறியிருக்கும்.

அடுத்த நாள் காலையில் மாதையன் மேட்டு நிலத்துக்குப் போனார். பாறையும் முள்ளுமாகக் கிடந்த ஒரு மூலை அங்கே உண்டு. மாமனாரும் அதைத் தொட்டதில்லை, மாதையனும் தொட்டதில்லை. பழனி கடப்பாரையோடு அதற்குள் நின்றிருந்தான். முள்ளில் பாதியைக் காணோம். அவன் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது.

"இன்னாப்பா இது? நாந்தான் சொல்லிட்டேனே!"

"நான் செஞ்சது போதல போல மாமா," என்றான் பழனி, மூச்சு வாங்க. "இத்தயும் சீர் பண்ணிட்றேன். மஞ்சுளாவ ஒரு தபா வந்து பாக்கச் சொல்லுங்க."