ஆட்டம் ஜஹாங்கீரின் வலது கால்

உட்கார்ந்தால் எனக்குக் கால் ஆடும். உங்களுக்கும் ஆடும். 'காலை ஆட்டாதே, வீட்டுக்கு ஆகாது' என்று யாராவது அதட்டியிருப்பார்கள். உங்கள் கால் ஆடினால் கட்டில் ஆடும், அவ்வளவுதான். என் வலது கால் ஆடினால் தண்டையார்பேட்டையே ஆடும்.

இதை வைத்துத்தான் ஒரு காலத்தில் பிழைத்தேன். கிடங்குக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு டீ சொல்லிவிட்டு, காலை ஆட்டுவேன். டீ வருவதற்குள் சுவர் விரியும், பூட்டு தெறிக்கும், ஜனங்கள் பூகம்பம் என்று ஓடுவார்கள். நான் சாவகாசமாக உள்ளே போவேன். பேப்பரில் 'ஆட்டம் ஜஹாங்கீர்' என்று போட்டார்கள். கருமம், அது எனக்குப் பெருமையாக வேறு இருந்தது. ஒருநாள் கிடங்குச் சுவர் சாய்ந்து ஒரு வாட்ச்மேனுக்குக் கால் போய்விட்டது. அதை நினைத்தால் இன்றும் சோறு இறங்காது.

என்னைப் பிடித்தவர் ராயபுரம் யேசுதாஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பறப்பார். கண்டெய்னரை ஒற்றைக் கையால் தூக்குவார். கோர்ட்டில் எல்லா வழக்குக்கும் நான் ஒரே பதில்தான் சொன்னேன்: "நான் இல்லீங்கய்யா." ஒருத்தரும் நம்பவில்லை. புழல் ஜெயிலில் ஏழு வருடம் இருந்தேன்.

வெளியே விடும்போது வலது கணுக்காலில் ஒரு பட்டையை மாட்டினார்கள். கால் ஆடினால் அது ஊளையிடும். எத்தனை மணிக்கு ஆடியது என்று யேசுதாஸ் அண்ணன் போனுக்குத் தகவல் போகும்; போலீசுக்கு அதை எழுதிக்கொடுப்பது அவர் பொறுப்பு. அப்புறம் எனக்கு மறுபடி புழல். அதனால் உட்காருகிற ஜோலியே நான் வைத்துக்கொள்ளவில்லை. காசிமேட்டில் மீன் பெட்டிக்கு ஐஸ் உடைத்தேன், நின்றபடி. சாப்பாடும் நின்றபடிதான். "குதிரை மாதிரி நின்னுகினே துன்னாதய்யா, பாக்கவே பேஜாரா கீது" என்பாள் என் மனைவி ரஹீமுன்னிசா.

இப்படி ஒரு வருடம் ஓடியது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், என் மகள் லுப்னா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பத்து வயது. கணக்கு வரவில்லை போலிருக்கிறது, பென்சிலைக் கடித்தாள், வலது காலை ஆட்டினாள். மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் தானாக நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. பக்கத்து வீட்டில் பாத்திரம் உருண்டது. 

"கண்ணு, காலை ஆட்டாத."

"நான் எங்க ஆட்டறேன் அத்தா? அதுவா ஆடுது."

சொன்ன பிறகு இரண்டு மடங்கு ஆடியது. அது அப்படித்தான். ஆட்டாதே என்றால்தான் அரிக்கும். எனக்குத் தெரியாதா?

அன்றிலிருந்து நான் நானாக இல்லை. யாருக்காவது தெரிந்தால் அந்தப் பட்டையைக் கொண்டுவந்து என் பிள்ளை காலில் மாட்டிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், தூக்கத்தில்கூட அவள் காலைப் பார்த்துக்கொண்டே வாழவேண்டும். ரஹீமுன்னிசாவிடம் சொல்லவும் வாய் வரவில்லை. வீட்டில் இருந்த நாற்காலிகளைத் தூக்கி மொட்டைமாடியில் போட்டேன். நின்றுகொண்டு படி என்றேன். அவள் உட்காரப்போனால் கடைக்கு அனுப்பினேன். ஒரே நாளில் மூன்று தடவை கொத்தமல்லி வாங்கிவந்தாள்.

"உனக்கு இன்னாதான் ஆச்சு?" என்று ரஹீமுன்னிசா கத்தினாள். "வூட்டுல மனுசன் குந்தறதா வேணாமா?"

சனிக்கிழமை பள்ளி ஆண்டு விழா. திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் காலி கண்டெய்னர் யார்டு. ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து அடுக்கு. அதைப் பார்த்ததுமே எனக்கு வேர்த்தது. லுப்னா பேச்சுப் போட்டியில் இருந்தாள். தலைப்பு 'என் தந்தை'.

"வேற தலைப்பே கெடைக்கலியா?"

"மிஸ் குடுத்தாங்க அத்தா. நான் நல்லா எழுதிகீறேன், கம்முனு கேளு."

சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? சாட்சாத் யேசுதாஸ் அண்ணன்தான். பறந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்று பஸ்ஸில் வந்திறங்கினார். என்னைப் பார்த்து, "இன்னா நைனா, கால் சொன்ன பேச்சு கேக்குதா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேடையில் நான்கு பிள்ளைகளை வரிசையாக நாற்காலியில் உட்காரவைத்தார்கள். லுப்னா இரண்டாவது. முதல் பையன் ஜெரி, அவன் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. சென்ட்ரலில் ஆரம்பித்தவன் ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று நின்று போய்க்கொண்டிருந்தான். மூன்று நிமிடம்தான் கணக்கு. அவன் கும்மிடிப்பூண்டியைத் தாண்டியும் நிறுத்துகிற மாதிரி தெரியவில்லை. லுப்னா கையிலிருந்த காகிதத்தைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். அப்புறம் அவள் வலது கால் ஆட ஆரம்பித்தது.

மைக் கீச்சிட்டது. சால்வைத் தட்டு மேஜையை விட்டு இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே, உச்சியில் இருந்த சிவப்புக் கண்டெய்னர் ஒரு சாண் நகர்ந்து முனகியது.

"அடியே, காலை ஆட்டாதடி! எல்லாரும் பாக்கறாங்க!" என்று ரஹீமுன்னிசா முன்வரிசையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. தொலைந்தது, ஆட்டம் இரண்டு மடங்கானது.

'பூகம்பம்' என்று கூட்டம் எழுந்தது. வாசல் திறந்ததோ யார்டு பக்கம். "அந்தாண்ட போவாதீங்க!" என்று நான் கத்தியதை யார் கேட்டார்கள்? யேசுதாஸ் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பறந்தார். சாய்ந்த கண்டெய்னரைத் தலைக்குமேல் தாங்கிப் பிடித்தார். "ஐயோ இடுப்பு! ஜஹாங்கீரு, நீயாடா இது?"

லுப்னா நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துவிட்டது. "அத்தா, நிக்க மாட்டேங்குது!"

சின்ன வயதில் நானும் என் தம்பியும் கயிற்றுக் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து காலை ஆட்டுவோம். சேர்ந்து ஆட்டினால் கட்டில் குதிக்கும். அவன் கால் ஏறும்போது என் கால் இறங்கினால் கட்டில் அசையாது. அது சட்டென்று நினைவுக்கு வந்தது.

ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். பட்டை வலது காலில்தானே இருக்கிறது என்று இடது காலை ஆட்டினேன். அந்தச் சோமாரிக் காலுக்கு அந்தச் சக்தியும் இல்லை, தாளமும் தெரியவில்லை. மேலே இருந்த மின்விசிறி அறுந்து காலி நாற்காலிகள்மேல் விழுந்தது. வெளியே அண்ணன் அலறினார்.

வலது கால்தான் வேண்டும். ஆட்டினால் புழல். ஏழு வருடம் என் பிள்ளை அத்தா இல்லாமல் வளர்ந்தாள், இனி எத்தனை வருடமோ! எனக்கு அழுகை வந்தது. அவள் கணுக்காலைப் பார்த்தேன். வெள்ளை சாக்ஸ், ஒரு பிடிகூட இல்லாத எலும்பு. வலது காலை ஆட்டினேன்.

பட்டை ஊளையிட்டது. "என்னையே பாரு கண்ணு" என்றேன். அவள் கால் ஏறியது, என் கால் இறங்கியது. முதலில் தவறியது, பிறகு பிடிபட்டது. இருபது எண்ணுவதற்குள் மைக் அடங்கியது. வெளியே கண்டெய்னர்கள் அப்படியே நின்றன. அண்ணன் தூக்கியதைச் சரியாக வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி உள்ளே வந்தார்.

கூட்டம் முழுக்க ஊளையிடும் என் காலைப் பார்த்தது. "யார் பண்ணது?" என்று யாரோ கேட்டார்கள்.

"நான்தான்" என்றேன்.

ஒன்பது வழக்கில் செய்துவிட்டு, நான் இல்லை என்றவன் நான். செய்யாத ஒன்றுக்கு நான்தான் என்றேன். உடனே நம்பிவிட்டார்கள்.

லுப்னா மைக்கைப் பிடுங்கினாள். "எங்க அத்தா இல்ல! நான்தான் ஆட்டனேன்!"

மண்டபமே உச்சுக்கொட்டியது. "அப்பனுக்கோசரம் புள்ள பொய் சொல்லுது பாரு" என்று ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மை பேசினால் எடுபடாத ராசி எங்கள் குடும்பத்துக்கு.

அண்ணன் போனைப் பார்த்தார். பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி, "இன்னாடா இது? கண்டெய்னர் சாஞ்சது பதினொன்னு அஞ்சுக்கு. ஒன் காலு ஆடனது பதினொன்னு எட்டுக்கு" என்றார். அவர் கண் லுப்னாவின் சாக்ஸ் போட்ட காலுக்குப் போனது.

"பதினொன்னு அஞ்சுன்னே எழுதிக்கோண்ணே. அந்தச் சின்னக் காலைப் பாரு. ஒன் கால்ல வுழறேன்."

அவர் இடுப்பைத் தடவிக்கொண்டே பேனாவை எடுத்தார். பிறகு எழுதினார். ரஹீமுன்னிசா அதற்குள் எல்லாம் புரிந்துகொண்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஆறு மாதம் போட்டார்கள்; உள்ளே இருக்கும்வரை பட்டை வேண்டாம் என்று கழற்றிவைத்தார்கள். முதல் மனுப் பார்க்கும் நாளில், அதாவது வீட்டார் வந்து பார்க்கும் நாளில், அண்ணன்தான் லுப்னாவைக் கூட்டிவந்தார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு ஸ்டூல். அண்ணன் வார்டரிடம் சண்டை போட்டு எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

"அன்னிக்கிப் பேசவே வுடலியே அத்தா" என்று லுப்னா கசங்கிய காகிதத்தைப் பிரித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள். "என் தந்தை. என் தந்தையின் பெயர் ஜஹாங்கீர். அவர் நின்றுகொண்டே சாப்பிடுவார். நின்றுகொண்டே டிவி பார்ப்பார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை." அடுத்த வரி பென்சிலில் புதிதாக எழுதியிருந்தது. "இப்போது தெரியும்."

அதற்குமேல் அவளால் படிக்க முடியவில்லை. காகிதம் நடுங்கியது. வலையின் கம்பி கிணுகிணுத்தது.

"அத்தா, ஆடுது."

"ஆடட்டும் கண்ணு. நல்லா ஆட்டு. எதிர்ல நான் கீறேன்ல?"

அவள் கால் ஏறியது, என் கால் இறங்கியது. கம்பி அடங்கியது. டீ கிளாஸோடு வந்த வார்டர் எங்கள் இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ், அப்பனும் பொண்ணும் காலை ஆட்டாம குந்துங்களேன்யா!"

நாங்கள் நிறுத்தவில்லை.