போட்டுக் காட்டும் கல்

சாம்பல்காரன் என்று எல்லோரும் கூப்பிடும் அவனிடம் ஒரு கல் இருந்தது. வீட்டுக்குப் பின்னாலிருந்த பட்டறை முழுக்கக் கல்தான். அனல்மின் நிலையம் லாரி லாரியாகக் கழித்துவிடும் சாம்பலோடு சுண்ணாம்பும் கல்தூளும் சிமெண்டும் கலந்து, அச்சில் அழுத்தி, நெருப்பே காட்டாமல் தண்ணீர் விட்டு இறுக்கிய கற்கள். ஆனால் துணிப்பையில் அவன் சுமந்து திரிந்த அந்த ஒன்று வேறு சாதி. அதற்கு மட்டும் சிமெண்ட் இரண்டு பங்கு. மற்ற கற்களைவிட மாதக்கணக்கில் அதிகமாகத் தண்ணீர் விட்டிருந்தான். பெற்ற பிள்ளைகளைக்கூட அவன் அப்படிக் குளிப்பாட்டியதில்லை. மூலையில் ஆணியால் ஒரு புள்ளி குத்தி, 'மூத்தவன்' என்று மனதுக்குள் பெயரும் வைத்திருந்தான்.

வீடு கட்டுகிறவர்கள் முன்னால் போய் நிற்பான். மூத்தவனைத் தோள் உயரம் தூக்கித் தரையில் போடுவான். தொம்மென்று விழும், உடையாது. "எல்லாக் கல்லும் இதே மாதிரிதாங்க" என்பான். குரலில் கம்பீரம் வழியும். பட்டறையில் அடுக்கி வைத்த அட்டியில் இருக்கும் கல் ஒன்றையாவது எடுத்துப் போட்டுப் பார்த்தானா என்றால், அந்த விஷப் பரீட்சைக்கு மட்டும் அவன் தயாராக இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். அவனோ தன் குஞ்சை உரசிப் பார்க்கப் பயந்த காக்கை.

வினை மச்சான் உருவத்தில் வந்தது. மனைவியின் அண்ணன், செங்கல் சூளைக்காரர். மகளுக்கு வீடு கட்டப்போகிறார்.

"மாப்ள, ஞாயித்துக்கிழம வர்றேன். கல்ல என் முன்னாடி போட்டுக் காட்டுங்க. நின்னுச்சுன்னா என் பொண்ணு வீடே உங்க கல்லுதான். உடைஞ்சுதுன்னா பட்டறைய மூடிட்டு நம்ம சூளைக்கு வந்துருங்க. தங்கச்சி எத்தன நாளைக்குத்தான் உங்க சட்டையில சாம்பல துவைப்பா?"

அவன் சிரித்துக்கொண்டே சரி என்றான். பையில் மூத்தவன் இருக்கும்போது என்ன பயம்? பட்டறையை மட்டும் விட அவனால் முடியாது. இதற்கு முன் தொடங்கிய தொழில்களெல்லாம் தொடங்கிய வேகத்திலேயே படுத்துவிட்டன. எழுந்து நின்றது இது ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டு மச்சான் சூளையில் ஆள் மேய்ப்பதைவிட நாண்டுகொண்டு சாகலாம்.

சொன்னபடி மச்சான் வந்து, பட்டறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவன் வீட்டுக்குள் வந்து பையைத் திறந்தான். கல் இருந்தது. மூலையில் புள்ளியைக் காணோம். திருப்பினான், புரட்டினான், விரலால் தடவினான்.

சமையலறைக்கு ஓடினான். "பையில இருந்த கல்லு எங்க?"

"பையிலதான் இருக்கு."

"இது இல்ல. அது!"

மனைவி நிதானமாக யோசித்தாள். "ஓ, அதுவா? வாஷிங் மெஷின் ஒரு பக்கம் ஆடுச்சுல்ல, காலுக்கு அடியில வெச்சேன். மழைக்காலத்துக்கு முன்னாடியே. பதிலுக்கு அட்டியில இருந்து ஒண்ணு எடுத்துப் போட்டுட்டேனே."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"இதுல சொல்ல என்ன இருக்கு? எல்லாக் கல்லும் ஒண்ணுதான்னு நீங்கதானே போற எடமெல்லாம் சொல்றீங்க?"

மழைக்கு முன்னாடி என்றால், அதற்குப் பிறகு எத்தனை வாசலில், எத்தனை பேர் முன்னால் போட்டிருப்பான்! அத்தனையும், புள்ளியைப் பார்க்காமலே போட்ட இந்தச் சாதாரணக் கல். ஊரை ஏமாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டே யோக்கியனாக வாழ்ந்திருக்கிறான். ஏமாற்றக்கூடத் துப்பில்லை.

அதில் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நேற்றுவரை பூவைப் போல அலட்சியமாகத் தூக்கிய அதே கல் இன்று கனத்தது. 'இதுவரை உடையவில்லையே' என்று புத்தி சொன்னது. கை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"என்ன மாப்ள, கல்லுக்கு அலங்காரம் நடக்குதா?" என்று மச்சான் குரல் கொடுத்தார்.

அவன் போய் நின்றான். தோள் உயரம் தூக்கினான். கண்ணை மூடிக்கொண்டு விட்டான். விட்ட அதே நொடியில், உடைந்துவிடுமோ என்று கால் தானாக முன்னால் போய்க் கல்லைத் தாங்கிக்கொண்டது.

அவன் போட்ட அலறலில் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள்.

மச்சான் குனிந்து பார்த்தார். "கல்லு நல்லாத்தான் இருக்கு. ஆனா கால்ல விழுந்தது கணக்குல வராது. சொந்தக் கல்லு மேல உங்களுக்கே நம்பிக்க இல்லையே மாப்ள!"

அவன் கால் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். வலியைவிட அந்த வார்த்தைதான் சுட்டது.

"நீ இரு அண்ணே, நான் போட்டுக் காட்டுறேன்" என்றாள் மனைவி. கரண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு அட்டிக்குப் போனாள். தேர்ந்தெடுக்கவெல்லாம் இல்லை, கைக்கு எட்டியதை எடுத்து, தலைக்கு மேலே தூக்கி, வெறும் தரையில் போட்டாள்.

தொம்.

ஓரத்தில் துளி சில்லு பெயர்ந்திருந்தது, அவ்வளவுதான். மச்சான் கல்லை எடுத்து நகத்தால் கீறினார். தட்டிப் பார்த்தார். அவருடைய சூளைக் கல்லை அப்படிப் போட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.

"மொத லோடு எப்ப அனுப்புவீங்க?" என்று கேட்டார்.

சாயங்காலம் விரலில் கட்டோடு அவன் நொண்டிக்கொண்டு வாஷிங் மெஷினிடம் போனான். ஆயிரம் இருந்தாலும் மூத்தவன் அல்லவா, பார்க்காமல் மனசு கேட்கவில்லை. மெஷின் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தான். இரண்டு பங்கு சிமெண்ட் தின்ற மூத்தவன், குறுக்கே இரண்டாகப் பிளந்து கிடந்தான்.

"அது என்னமோ மட்டமான கல்லு போலிருக்கு" என்றாள் பின்னால் வந்த மனைவி. "அட்டியில இருந்து வேற ஒண்ணு கொண்டாங்க."

"எத எடுக்கட்டும்?" என்று கேட்டான், தன்னையறியாமல்.

அவள் அவனை விசித்திரமாகப் பார்த்தாள். "எதையாவது எடுங்க. எல்லாம் ஒண்ணுதானே?"

"ஆமா," என்றான். முதல் தடவையாக அதைக் கூச்சமில்லாமல் சொல்ல முடிந்தது. நொண்டிக்கொண்டே போய், மேலாக இருந்த கல்லைப் புரட்டிப் பார்க்காமல் எடுத்து வந்தான்.