விரலில் பால்

மாகாண சபைத் தேர்தலுக்கு முன் கேகாலையில் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். பெட்டிக்கு எப்படி முத்திரை வைப்பது, எந்த விரலில் மை பூசுவது, அந்த விரல் இல்லாதவருக்கு எங்கே பூசுவது என்று எல்லாம் சொன்னார்கள். யாராவது அடிக்க வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "பொலிஸ் பாதுகாப்பு இருக்கு டீச்சர்," என்றார் வகுப்பெடுத்தவர். அந்தப் பாதுகாப்பு, யட்டியாந்தோட்டைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூட வாசலில், ஒரு பொல்லும் வெற்றிலை வாயுமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பொலிஸ்காரரை ராலாமி என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டோம்.

ஆள் பற்றாக்குறையில் என்னைச் சொந்தத் தோட்டத்திலேயே போட்டிருந்தார்கள். மை பூசுவது என் வேலை. வாக்களிப்பு நிலையத்தில் இருந்த ஆறு பேரில் தோட்டத்து ஆள் நான் ஒருத்திதான், மற்றவர்கள் டவுன்காரர்கள். என் அப்பா பழனிமுத்து ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். தோட்டத்துச் சனத்துக்கு அதுவரை இல்லாத பிரஜாவுரிமை கிடைத்து அவர் முதல் ஓட்டுப் போட்டபோது வயது ஐம்பத்தாறு. மை காய்ந்த விரலை நாலு நாள் லயத்தில் வீடு வீடாகக் காட்டிக்கொண்டு திரிந்தார். அந்த நினைப்புத்தான் அன்றைக்கு என் புத்தியைக் கெடுத்தது.

பத்து மணிக்கு, எங்கள் தோட்டத்தில் பால் வெட்டும் ஏழுமலை அண்ணன் வந்தார். காலையில் ஏழரைக்கே ஓட்டுப் போட்டவர். இப்போது, கொழும்புக் கடையில் வேலை செய்யும் யோகராஜின் வாக்காளர் அட்டையோடு நின்றார். நான் பூசிய மை அவர் சின்ன விரலில் இல்லை. விரல் மினுங்கியது. ரப்பர் பால். பூசிக் காயவிட்டால் மை பாலின் மேல்தான் நிற்கும். வெளியே போய் உரித்தால் விரல் சுத்தம். பால் வெட்டுகிற சனத்துக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை.

"டீச்சரம்மா, பேசாம பூசி விடுங்க," என்றார் குரலை இறக்கி. "கட்சி ஜீப்புல வந்தவனுங்க லயத்துல நிக்கிறானுங்க. புள்ளைங்க உள்ள இருக்குதுங்க."

பூசியிருக்க வேண்டும். ஆனால் அப்பாவின் விரல் கண் முன்னால் நின்றது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நிலையப் பொறுப்பதிகாரியின் பக்கம் குனிந்து, சிங்களத்தில், "சேர், எங்கில்லே கிரி," என்றேன்.

விரலில் பால். அவருக்கு விளங்கவில்லை. "மொன கிரித?" என்று, எந்தப் பால் என்று, மண்டபமே கேட்கச் சத்தமாகக் கேட்டார். விளக்கினேன். நேர்மையான மனிதர், பாவம். உடனே எழும்பி, இனி எல்லாரும் விரலைத் தேய்த்துக் காட்ட வேண்டும் என்று அறிவித்தார். ஏழுமலை அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனார்.

கால் மணித்தியாலத்தில் ஜீப்காரர்கள் வந்தார்கள். ராலாமி தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். முன்னால் வந்தவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ரப்பர் பாலின் குணம் டவுன்காரருக்குத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். நேராக என்னிடம் வந்தான். என் இடது கையைப் பிடித்து இழுத்துக் கதவு நிலையில் வைத்து, பலகைக் கதவை அறைந்து சாத்தினான். பிறகு மிச்சமிருந்த வாக்குச்சீட்டுகளுக்கு அவர்களே புள்ளடி போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் சின்ன விரலை எடுத்துவிட்டார்கள். வாக்கெடுப்பு அமைதியாக நடந்தது, உத்தியோகத்தர் ஒருவரின் விரல் தவறுதலாகக் கதவில் நசுங்கியது என்று பொறுப்பதிகாரி அறிக்கை எழுதினார். அவருக்கும் பத்து விரல் வேண்டுமே.

அடுத்த தேர்தலில் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஓட்டுப் போட மட்டும் போனேன். மை பூசியவள் ஸாஹிரா, வரக்காப்பொலயிலிருந்து வந்த சின்னப் பெண். என் கையைப் பார்த்துத் திகைத்தாள்.

"பக்கத்து விரல்ல பூசுங்க தங்கச்சி. ரூல்ஸ்ல இருக்கு," என்றேன்.

எனக்குப் பின்னால் நின்றது ஏழுமலை அண்ணன். அவர் விரல் மினுங்கியது. வாசலில் அதே ஜீப். ராலாமியின் ஸ்டூல் காலியாக இருந்தது.

ஸாஹிரா அந்த விரலைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இதென்ன அக்கா, இவர்ட விரல்ல மினுங்குது?" பொறுப்பதிகாரியின் பக்கம் திரும்பப் போனாள்.

"வயசான கை, தங்கச்சி," என்றேன் அவசரமாக. "தோல் உரியுது. மைய பூசுங்க."

பூசினாள். அந்தப் பிள்ளையாவது பத்து விரலோடு வீடு போய்ச் சேரட்டும்.