புதுக் கணினியில் முதலாம் இடம்

மாங்குளத்தில் அந்த வீட்டுக்குக் கணினி ஒன்றுதான் இருந்தது. அதிலிருந்த கார் பந்தய கேமின் பட்டியலில் தங்கை கீர்த்திகாவின் பெயர் எப்போதும் முதலாவதாக நிற்கும். அக்கா வினோதாவின் பெயர் அதற்குக் கீழே. இப்போது பல்கலைக்கழக வளாகம் போகும் அக்காவுக்குப் புது மடிக்கணினி வந்திருந்தது.

“கேம் எல்லாத்தையும் இதுக்கு ஏத்தித் தாடி,” என்றாள் வினோதா. “உனக்குத்தானே உந்த வேலை தெரியும்.”

கேம் இருக்கும் போல்டரை அப்படியே நகலெடுத்தால் பந்தயம் ஓடும். ஆனால் பழைய சுற்றுகளை ஓடி முடித்த நேரங்கள் வேறொரு போல்டரில் கிடக்கும் என்பது கீர்த்திகாவுக்கு மட்டுமே தெரியும். அதை அவள் வேண்டுமென்றே ஏற்றாமல் விட்டாள். புதுசும் அக்காவுக்கு, வளாகமும் அக்காவுக்கு. என் நேரத்தையும் கொண்டுபோய் அங்கே முறியடிக்கட்டுமோ என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

புதுக் கணினியில் கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. வினோதா ஒரு சுற்று முடித்ததும், வெறுமையாகக் கிடந்த பட்டியலில் அவள் பெயர் முதலாவதாக ஏறியது.

“பாத்தியே, இந்த வீட்டுச் சம்பியன் ஆரெண்டு?”

“என்ர நேரம் இதைவிடக் குறைவு.”

“எங்க, காட்டன் பாப்பம்.”

காட்டுவதென்றால், விட்டுவைத்ததையும் சொல்லவேண்டும்.

“தள்ளுங்கோ, ஓடிக் காட்டுறன்,” என்று கீர்த்திகா கதிரையில் அமர்ந்தாள். அந்தத் தட்டையான விசைகள் அவள் விரல்களுக்குப் பழக்கமில்லை. முதல் வளைவிலேயே கார் மதிலில் மோதியது. ஒருவழியாகச் சுற்றை முடித்தபோது இரண்டாம் இடம்தான் கிடைத்தது.

“உன்ர பேரையும் அடிச்சு விடடி,” என்றாள் வினோதா. “ஹொஸ்டல் பெட்டையளுக்குக் காட்ட வேணும்.”

கீர்த்திகா இரண்டாவது வரியில் தன் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டினாள்.