குழிப்பாறையில் இரண்டு கல்

முகட்டம்மன் கோயிலுக்கு ஏறுகிறவர்கள் அடிவாரத்து ஓடையில் ஒரு கூழாங்கல் எடுத்துக் குழிப்பாறையில் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். இறங்கி வந்ததும் கல்லை எடுத்து மறுபடி ஓடையில் விட வேண்டும். பொழுது சாயும்போது குழியில் கல் நின்றால் மலைமேல் ஆள் இருக்கிறது என்று பொருள். அந்த ஆள் இறங்கும்வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. ஒருவர் கல்லை இன்னொருவர் எடுக்கவும் கூடாது. புதூர்நாட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் ஊரில் நடக்கப் பழகிய பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும்.

எனக்கும் தெரியும். தெரிந்தேதான் ஓர் ஆடிக் கடைசி வெள்ளியன்று என் வீட்டுக்காரரின் கல்லை எடுத்தேன்.

அவர் பெயர் தனசேகரன். அன்று மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. பொங்கல் பாத்திரங்களைத் தார்ப்பாய் போட்டுக் கட்டிவைக்க அவர் மேலேயே நின்றுவிட்டார். எனக்கு முழங்கால் வலி.

"நீ மொள்ள எறங்கு. நான் குறுக்குப் பாதையில எறங்கி நேரா வூட்டுக்கு வந்துடுறேன். ஓடைக்குச் சுத்திகினு வரமுடியாது. என் கல்லையும் எடுத்து வுட்டுடு" என்றார்.

"அப்படி எடுக்கக் கூடாதே."

"பொண்டாட்டி எடுத்தா இன்னா? அம்மன் வந்து உன்னை கேக்கப் போவுதா?"

கீழே வந்து இரண்டு கல் எடுத்து ஓடையில் விட்டேன். குழிக்குக் காவல் என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் சக்கரவர்த்தி. நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் அப்போது ஆட்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் எடுத்ததைப் பார்க்கவில்லை. பொழுது சாய்ந்ததும் குழிக்குள் கையை விட்டுத் துழாவினார். "குழி காலி" என்று வழக்கம்போல் மூன்று முறை குரல் கொடுத்தார். எல்லோரும் கிளம்பிவிட்டோம்.

என் வீட்டுக்காரர் அன்றிரவு வீட்டுக்கு வரவில்லை. மழைக்கு எங்கள் காட்டுக் கொட்டாயில் ஒதுங்கியிருப்பார், விடிந்ததும் வருவார் என்று நினைத்தேன். விடிந்தபிறகு தேடிப் போனார்கள். குறுக்குப் பாதையில் வழுக்குப்பாறைக்குக் கீழே கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. வெகுநேரம் உயிரோடு இருந்திருக்கிறார், குளிரில்தான் போயிருக்கிறார் என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தனசேகரன் கல் போடாமலே ஏறியிருக்கிறான், அதனால்தான் இப்படி ஆயிற்று என்று ஊர் முடிவு செய்தது. நான் மறுத்துப் பேசவில்லை. சாவு விழுந்த வீட்டார் ஒரு வருஷம் மலையேறக் கூடாது என்பதால் அடுத்த ஆடியில் நான் போகவில்லை. அந்த வருஷம் ஏறுவதற்கு முன்னால் சக்கரவர்த்தி மாமா எல்லோரையும் நிறுத்தி, "கல்லு போடாம ஏறுனவன் கதி தெரியுமில்ல?" என்று சொன்னாராம். ஈஸ்வரி அக்கா வந்து என்னிடம் சொன்னாள். அவள் மாமாவின் மனைவி. நல்லது என்று நினைத்துத்தான் சொன்னாள். பிள்ளைகள்கூட இனிப் பயந்து ஒழுங்காகக் கல் போடும் என்றாள். நான் அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். அந்தப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்து, "உங்க வூட்டு சார் ஏன் கல்லு போடல டீச்சர்?" என்று கேட்டன. சாமை உருண்டையைக் கையில் கொடுத்துப் பேச்சை மாற்றினேன்.

அதற்கடுத்த வருஷம் ஏறினேன். என் கல்லைக் குழியில் போட்டபோது மாமா பார்த்துக்கொண்டே இருந்தார்.

மேலே கோயிலுக்குப் பின்புறம் சுபைதா கடை போட்டிருந்தாள். வாணியம்பாடியிலிருந்து பதினைந்து வருஷமாக இந்தத் திருவிழாவுக்கு வளையல் கொண்டுவருகிறவள். என்னைப் பார்த்ததும், "இன்னாக்கா, போன வருஷம் ரெண்டு பேரையும் காணோம்? அண்ணன் எங்க? இன்னிக்கு என் மூட்டையைத் தூக்க ஆளே இல்ல. போன வருஷம் தூக்குன என் புள்ள ஃபுர்கானுக்கும் தோல் ஃபேக்டரில லீவு குடுக்கல. நானே தூக்கிகினு வந்தேன், தோள்பட்டை போச்சு" என்றாள்.

ஒவ்வொரு வருஷமும் அவள் மூட்டையைத் தூக்கி வந்து தூக்கி இறக்கியவர் என் வீட்டுக்காரர். குறுக்குப் பாதையை அவளுக்குக் காட்டியவரும் அவர்தான். வழுக்குப்பாறைக்குக் கீழே அது இரண்டாகப் பிரிந்து ஒன்று ஊருக்கும் மற்றது ஓடைக்கும் போகும். அந்த மழை நாளில் அவள் முன்னாலேயே இறங்கிப் போய்விட்டாள்; வெளியூர்க்காரி என்பதால் பிறகும் யாரும் அவளிடம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன். கல்லைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சுபைதா கொஞ்ச நேரம் வளையல்களைக் கயிற்றில் கோத்துக்கொண்டே இருந்தாள். பிறகு பக்கத்தில் சாக்கை விரித்து என்னை உட்கார வைத்தாள்.

"அண்ணன் கையில என் வளையல் ஒண்ணுகூட ஒடைஞ்சதில்லக்கா. பூ மாதிரி எறக்கி வெப்பாரு" என்றாள்.

நான் இறங்கும்போது அவள் இன்னும் வியாபாரம் செய்துகொண்டிருந்தாள்.

அடிவாரத்துக்கு வர ஐந்தரை ஆகிவிட்டது. மஞ்சு இறங்கி மலையை மறைக்கத் தொடங்கியிருந்தது. கடைசி ஜீப் மட்டும் நின்றது. அதன் டிரைவர் விஜயராஜ் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். மாமாவும் ஈஸ்வரி அக்காவும் குழிப்பாறைக்குப் பக்கத்தில் நின்றார்கள். பூசாரிகூட இறங்கிப் போயாயிற்று.

"உன் கல்லை எடும்மா, கெளம்பலாம்" என்றார் மாமா.

குழியில் இரண்டு கல் இருந்தன.

"ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு யாரோடது மாமா?"

"எவனாவது மறந்துட்டுப் போயிருப்பான். போன வருஷமும் ஒண்ணு நின்னுச்சு. நாலு மணி நேரம் மலை பூரா தேடுனோம். கடைசில பார்த்தா அவன் மறுபக்கமா எறங்கி, கணியம்பாடில மாமியார் வூட்ல பிரியாணி துன்னுகினு இருக்கான்."

"அதுல என் டயர் ஒண்ணு போச்சு" என்றான் விஜயராஜ்.

"வளையக்கார பாயம்மா எறங்கிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"தமிழ்மணி ஜீப்ல ஒரு பாயம்மா ஏறுனாங்களே. அவங்கதான் இருக்கும்" என்றான் விஜயராஜ்.

"இருக்குமா, இல்ல அவங்கதானா?"

"டீச்சர், நான் இன்னா ஆதார் கார்டா கேட்டேன்?"

ஈஸ்வரி அக்கா புடவைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டாள். "மழை வரப் போவுது. அம்மன் பார்த்துக்கும். வா வாணி, ஏறு" என்றாள். மாமா குழிக்குள் குனிந்தார். நின்ற கல்லை அவரே எடுத்துவிட்டுக் குரல் கொடுக்கப் போகிறார் என்று புரிந்தது. காவல்காரருக்கும் அந்த உரிமை கிடையாது. ஆனால் எல்லோருக்கும் அலுத்துப்போயிருந்தது.

நான் குழியின் மேல் கையை வைத்து மறைத்தேன்.

"எடுக்காதீங்க மாமா. நான் எடுத்தேன். அவரு செத்தாரு."

மாமா நிமிர்ந்தார். "இன்னா சொல்ற?"

"அவரு கல்லு போட்டுட்டுத்தான் ஏறுனாரு. என் பக்கத்துல நின்னுதான் போட்டாரு. எறங்குனப்போ ரெண்டையும் நான்தான் எடுத்து வுட்டேன். அவரு எடுக்கச் சொன்னாரு, எடுத்தேன். நான் எடுக்காம இருந்திருந்தா நீங்க அன்னிக்கே தேடியிருப்பீங்க."

விஜயராஜ் தாளம் போடுவதை நிறுத்திவிட்டிருந்தான்.

"ரெண்டு வருஷமா வாயைத் தொறக்கல நீ. செத்தவன் மேல பழி கெடக்கட்டும்னு வுட்டுட்ட" என்றாள் ஈஸ்வரி அக்கா.

"ஆமாக்கா. வுட்டுட்டேன்."

அடிவாங்கிய மாதிரி மாமாவின் முகம் சுருங்கியது. ஊரை நிறுத்தி அந்தப் பழியைச் சொன்னது அவர் வாய்தான். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஜீப்புக்குள் கையை விட்டு டார்ச்சை எடுத்தார்.

"எந்தப் பக்கம் போலாம்?"

"குறுக்குப் பாதை" என்றேன்.

ஈஸ்வரி அக்கா ஜீப்பில் இருந்துகொண்டாள். நாங்கள் மூவரும் ஏறினோம். இரண்டு வருஷமாக அந்தப் பாதையில் நான் கால் வைத்ததில்லை. முழங்கால் வலித்தது. மாமா முன்னால் போய், வழுக்கும் இடங்களில் நின்று, திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

வழுக்குப்பாறையை நெருங்கியபோது விஜயராஜ் நின்றான். "இங்க பாருங்க."

ஈர மண்ணில் வளையல் துண்டுகள் கிடந்தன. பச்சை, சிவப்பு, பிறகு பச்சை. சரிவு நெடுகச் சிதறியிருந்தன. மாமா டார்ச்சைக் கீழே அடித்தார்.

"பாயம்மா!" என்று கூப்பிட்டார்.

"மெதுவா வாங்க, எல்லாம் கண்ணாடி" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

மூட்டையைச் சாய்த்து வைத்து அதன்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. கடைசி ஜீப்பைப் பிடிக்கலாம் என்று அவசரமாக இறங்கியிருக்கிறாள். கத்திப் பார்த்தும் யாருக்கும் கேட்கவில்லை. போனில் சிக்னல் இல்லை. அவள் கை சில்லென்று இருந்தது. என் முந்தானையால் போர்த்தி உள்ளங்கையைத் தேய்த்தேன்.

"பயந்துட்டியா?"

"பயந்தேன்க்கா. அப்புறம் என் கல்லு அங்க இருக்குதேன்னு நெனச்சேன். எப்படியும் வருவீங்கன்னு குந்திகினு இருந்தேன்."

விஜயராஜ் அவளை முதுகில் சுமந்துகொண்டான். மூட்டையை மாமா தூக்கினார். இறங்கும்போது மழை தூறத் தொடங்கியது. வழியெல்லாம் சுபைதா ஐயோ அம்மா என்று முனகிக்கொண்டே வந்தாள். குழிப்பாறைக்கு வந்ததும், "நிறுத்து தம்பி. என் கல்லு" என்றாள்.

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாம் பாயம்மா. கல்லா இப்போ முக்கியம்?"

"அதை வுட்டுட்டுப் போனா நாளைக்கும் என்னைத் தேடி ஏறுவீங்க. எறக்கு."

ஒற்றைக் காலில் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து அவள் கல்லை எடுத்தாள். நான் என்னுடையதை எடுத்தேன். இரண்டும் தனித்தனியாக ஓடையில் விழுந்தன.

மாமா மூட்டையை இறக்கி வைத்தார். பூ மாதிரிதான் இறக்கினார். பிறகு என்னிடம், "நீ துழாவிப் பாரு" என்றார்.

குழிக்குள் கையை விட்டேன். உள்ளே கொஞ்சம் மழைத் தண்ணீரும் ஒரு புளிய இலையும் இருந்தன. சுற்றிலும் தடவினேன். வேறு ஒன்றும் இல்லை.

"அடுத்த ஆடில ஏறுறதுக்கு முன்னாடி ஊர்ல இன்னா சொல்லுவீங்க மாமா?" என்று கேட்டேன்.

"நடந்ததைச் சொல்லுவேன். அவன் கல்லு போட்டான்னு சொல்லுவேன்." குழிப்பாறையின் ஓரத்தைக் கையால் காட்டினார். "நீயும் இங்க வந்து என் பக்கத்துல குந்து. எனக்கு ஜீப்பையும் பார்க்கணும், குழியையும் பார்க்கணும். ஒரு ஆளால ஆவாது. அன்னிக்கும் ஆவல."

ஜீப்பிலிருந்து ஈஸ்வரி அக்கா எட்டிப் பார்த்தாள். "வாணி, இந்த சுவெட்டரைப் பாயம்மாவுக்குப் போடு. உனக்கு என் துண்டு இருக்குது, தலையைத் துவட்டு" என்றாள். அவள் குரல் இன்னும் இறுகித்தான் இருந்தது. துண்டை வாங்கிக்கொண்டேன்.

"குரல் குடும்மா" என்றார் மாமா.

மலையைப் பார்த்து நின்றேன். முகட்டில் கோயில் விளக்கு மட்டும் மஞ்சுக்குள் தெரிந்தது. முதல் முறை சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது முறை கொஞ்சம் கேட்டது. மூன்றாவது முறை, "குழி காலி" என்று மேல்காட்டுவரை கேட்கும்படி சொன்னேன்.

விஜயராஜ் வண்டியைக் கிளப்பினான்.