இன்னும் ஒரு தண்டுக்கு இடம்

1

இந்தக் கதை ஒரு கதவுக்கு முட்டுக்கொடுத்த பலகையிலிருந்து வந்தது. தங்கச் சுரங்கத்து ஊரான ஊரிகத்தில் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் குடையை மறந்து வைத்துவிட்டேன். திரும்ப எடுக்கப் போனபோது, காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பலகையை வைத்திருந்தார்கள். நடுவில் ஓட்டை. ஓட்டையில் ஒரு சாண் உயர இரும்புக் குழாய்த் துண்டு செருகி நின்றது. குழாயின் மேல்வாய் அரத்தால் ராவி மழுங்கடிக்கப்பட்டிருந்தது. இது என்ன என்று கேட்டேன்.

கீரைத்தண்டைக் கட்டுக் கட்டும் சாமான் என்றார் வீட்டுக்காரர். ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவார்களாம். தங்கச் சுரங்கம் தோண்டத் தொடங்கிய காலத்துச் சாமானாம். சொல்லிவிட்டு அவரே சந்தேகப்பட்டார். "அந்தக் காலத்துல ரப்பர் ஏது சார்?"

நான் குடையை மறுபடி மறந்துவிட்டு வந்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

1889ஆம் வருடம் ஆடி மாதம், காற்று சுரங்கத்து வெள்ளைப் புழுதியை வாரிக் குடிசைகளின் மேல் —

இது நிற்கவில்லை. அந்த வருடத்தில் கீரைக்காரியின் கைக்கு எட்டும் ரப்பர் எனக்குக் கிடைக்கவில்லை. சைக்கிள் டியூப் வந்த பிறகுதான் அதை வளையம் வளையமாக நறுக்க முடியும். ஆகவே ரப்பருக்காகக் கதையைப் பத்து வருடம் தள்ளி வைத்தேன்.* துரைமார் சைக்கிளில் போகிறார்கள். கிழிந்த டியூப் குப்பைக்கு வருகிறது. நல்லது.

இரண்டாவது தொடக்கம்:

ராஜப்பாவின் வலது கையைச் சுரங்கத் தண்டவாளத்தில் கல் ஏற்றி வந்த டிரக் பாறையோடு சேர்த்து நசுக்கிய அன்று —

இதுவும் நின்றுபோயிற்று. ராஜப்பாவுக்குள் என்னால் போக முடியவில்லை. அவன் பேசுவதில்லை. பேசாத ஆளைப் பார்த்தால் எனக்குப் பக்கத்தில் உட்காரத் தோன்றும். என்ன நினைக்கிறாய் என்று கேட்கத் தோன்றாது. கதை எழுதுபவனுக்கு இது நல்ல குணமல்ல.

ஆகவே அவன் மனைவியிடம் போனேன்.

(* பத்து வருடம் தள்ளியதில் ரயிலும் வந்துவிட்டது. அதில் ஸ்டேஷனுக்குப் போகும் வழி மட்டும்தான் எனக்குத் தேவைப்பட்டது. இருக்கட்டும்.)

3

ரத்தினம்மா கூடையை இறக்கினாள். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், ஷிப்டு முடிந்து ஆட்கள் வருகிற பக்கமாக அவள் உட்காருவது வழக்கம். கூடையில் தண்டுக்கீரை. விரல் பருமன் தண்டு, சிவப்பு ஓடியது. பாலகாட்டுச் சுரங்கத்துக்குக் கீழே ஏரிக்கரையை ஒட்டி ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அவள் போட்ட கீரை. அந்த வீட்டில் அடுப்பு எரிவது இப்போது இதை வைத்துத்தான். டிரக் விபத்தில் ராஜப்பாவின் வலது கையில் கட்டைவிரல் தவிர மற்றவை போய்விட்டன. சுரங்கத்துக்குள் அவனுக்கு இனி வேலை இல்லை.

வேலூர்ப் பக்கத்திலிருந்து இருவரும் சேர்ந்து நடந்து வந்தவர்கள். இப்போது அவள் விடியலில் அறுத்து, கழுவி, கட்டி, சுமந்து, விற்று வருகிறாள். அவன் மூங்கில் தட்டி வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். அவள் வரும்வரை கூழ்ச்சட்டியைத் தொடமாட்டான். நீ பாடுபட்டதை நான் முதலில் தின்பதா என்று அர்த்தம். அதையும் வாயால் சொல்லமாட்டான்.

ஒருநாள் கட்டித் தருகிறேன் என்று வாழைநாரை எடுத்தான். ஒரு முனையைப் பல்லில் கடித்து மறுமுனையை இடது கையால் சுற்றி முடிந்தான். அந்த முடிச்சுகள் ரோட்டிலேயே அவிழ்ந்தன. ரத்தினம்மா தண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு நின்றதைக் கண்டு தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து நேராக அடுப்பை மூட்டினாள். ஆனால் அவள் புடவை முந்தானையில் மண் இருந்தது. அதை அவன் பார்த்தான்.

அதற்குப் பிறகுதான் அவன் அந்தப் பலகையைச் செய்தான்.

4

அது எப்படி வேலை செய்யும் என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ரப்பர் வளையத்தின் ஒரு பக்கத்தைக் குழாயின் வாயில் மாட்டி, மறுபக்கத்தை இழுத்து, வெளிப்புறமாகக் கீழே உருட்டிவிட வேண்டும். இப்படி வளையங்கள் அடுக்கடுக்காகக் குழாயைச் சுற்றிக் காத்திருக்கும். பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு, தண்டுகளை வேர்ப்பக்கமாகக் குழாய்க்குள் இறக்க வேண்டும். குழாய் நிறைந்தால் ஒரு கட்டு. மேல் வளையத்தை ஒரு விரலால் மேலே தள்ளினால் அது குழாயை விட்டுத் தண்டுகளைக் கவ்விக்கொள்ளும். உருவி எடுத்துவிடலாம். இதற்கு ஒரு கை போதும்.

துரை பங்களா தோட்டத்தில் வேலை செய்யும் மாணிக்கராஜ் குப்பையிலிருந்த டியூபைக் கொடுத்தான். குழாய்த் துண்டு எங்கிருந்தோ வந்தது.

ராஜப்பா மாறிப்போனான். அவளுக்கு முன்னால் எழுந்தான். மேஸ்திரி மாதிரி அதட்டினான். "வேரைச் சமமா வெட்டுமே. ஏறுக்கு மாறா கீது, பைப்புல நிக்கல." அவன் திட்டத் தொடங்கியதில் ரத்தினம்மாவுக்கு உண்டான சந்தோஷத்தை எழுத மூன்று வாக்கியங்கள் எழுதி, மூன்றையும் அடித்துவிட்டேன். அவள் வேரைச் சமமாக வெட்டினாள்.

அவள் வருவதற்குள் அவன் கூழ் குடித்திருந்தான்.

5

இப்போது கொசுறைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கொசுறு கேட்காமல் கீரை வாங்குவது நம் பெண்களுக்கு வாங்கியதாகவே ஆகாது. அது பேராசை இல்லை, ஒரு பேச்சு. வாங்குபவள் கேட்பாள், விற்பவள் முகம் சுளிப்பாள், பிறகு ஒரு தண்டை எடுத்துக் கட்டின் மேல் வைப்பாள். நாரால் கட்டிய கட்டில் அது அத்தோடு முடிந்தது. முடிச்சுக்குள் யாரும் கை விடமுடியாது.

ரப்பர் கட்டு வந்த முதல் நாள், சுரங்கத்து லைன் வீட்டு வெங்கடம்மா ஒன்றைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தாள். விரலை விட்டு வளையத்தை இழுத்தாள். அது நீண்டது. கூடையிலிருந்து ஒரு தண்டை எடுத்துத் தானே உள்ளே செருகினாள். இன்னொன்றையும் செருகினாள்.

"இன்னாக்கா இது?" என்றாள் ரத்தினம்மா.

"அது தான் நீட்டிக்குதே. இன்னும் ரெண்டு சொருவுனா அதுக்கு இன்னா, மூச்சா முட்டப்போவுது?"

"அதுக்கு முட்டாது. எனக்குத்தான் முட்டும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவர்களும் செருகினார்கள். ரப்பர் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. அன்று கூடையின் அடிக்கட்டுகள் கொசுறாகவே போயின. மறுநாளும் அப்படித்தான்.

(கட்டைச் சின்னதாகப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பக்கத்தில் நார்க்கட்டு விற்பவளிடம் போய்விடுவார்கள். வளையத்தை இரட்டையாகச் சுற்றியிருக்கலாமே என்றால், ஒரு கையால் அதைச் சுற்றவேண்டும். எல்லா வழியையும் அடைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

மூன்றாம் நாள் ரத்தினம்மா ஸ்டேஷனுக்கு நேராகப் போகவில்லை. ஏரிக்கு அப்பால் வாய்க்காலைக் கடக்கும் மோரிக் கல்லில் கூடையை இறக்கி, வளையங்களை ஒவ்வொன்றாக உருவிக் கையில் வளையலோடு மாட்டிக்கொண்டாள். இடுப்பில் ஒளித்து வந்த வாழைநாரால் எல்லாக் கட்டுகளையும் மறுபடி கட்டினாள்.

6

டியூப் அரிது, முடிந்தவரை வளையங்களைத் திருப்பி வாங்கி வா என்று சொல்லியிருந்த ராஜப்பா அன்று மாலையில் இடது கையை நீட்டினான். அவள் வளையங்களைக் கழற்றிக் கொடுத்தாள்.

"எல்லாம் வந்துட்ச்சா?"

வாங்குகிறவர்கள் அங்கேயே வளையத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தண்டை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு போகிறார்கள் என்றாள் அவள். நல்ல பொய். ஆனால் ஒன்றுகூடக் குறையாமல் வந்தால் நம்புவானா என்று பயந்து, அடுத்தடுத்த நாட்களில் வேண்டுமென்றே ஒன்றிரண்டை ஏரியில் போட்டாள். யாரோ தராமல் போய்விட்டார்கள் என்றாள்.

இந்த இடம் எழுதும்போதுதான் அவளை எனக்கு முழுதாகப் பிடித்தது. இந்த இடத்தால்தான் கதை கெட்டும் போயிற்று.

கீரை வாங்க வந்த மாணிக்கராஜ் ஒருநாள் சொன்னான்: "நேத்து உம் புருசன் பங்களா பின்வாசல்ல நின்னுக்கினு இருந்தாரும்மா. சமையக்காரன் வெரட்டியிருக்கான். போகாம வெயில்லயே நின்னிருக்காரு. பழைய டியூப் கீதான்னு கேக்க வந்தாராம். ஒரு வளையத்துக்கு இவ்ளோவா?"

ரத்தினம்மா அவனுக்குக் கொசுறு போட மறந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் ஒரு வளையத்தையும் தொலைக்கவில்லை. எல்லாமே வந்தன. தினமும், எல்லாமே.

கொஞ்ச நாளில் ராஜப்பா "வந்துட்ச்சா" என்று கேட்பதை நிறுத்தினான். வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

7

இங்கே நான் வெகுநாள் நின்றேன். அவனுக்குத் தெரிந்துவிட்டதா? கேட்காமல் இருப்பது தெரிந்ததாலா, இல்லை எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, கேட்க என்ன இருக்கிறது என்பதாலா? அவளுக்கும் புரியவில்லை. மௌனத்தை வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே நிறம்.

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அவன் ஒருநாள் ஸ்டேஷன் பக்கம் வருகிறான். தூரத்திலிருந்து நார்க்கட்டுகளைப் பார்க்கிறான். திரும்பி — அவன் வரமாட்டான். நாலு பேர் கண் தன் கையின் மேல் விழும் இடத்துக்கு அவன் வருவதில்லை. எனக்கு வசதி என்பதற்காக அவனை இழுத்து வந்தேன். திருப்பி அனுப்பிவிட்டேன்.

அவள் சொல்லிவிடுகிறாள். "இந்தா, உன் பலகையில ஒண்ணும் தப்பு இல்ல, இந்த ரப்பருதான் —" அதற்கு மேல் அவள் வாயில் என்ன வைத்தாலும், கடைசியில் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுகிறான். ஒரு பிரதியில் இருவரும் சிரித்தார்கள் என்று எழுதினேன். அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்கவில்லை.

பிறகு ஒரு காலை, நான் திட்டமிடாமல், இது நடந்தது.

8

மோரிக் கல்லில் உட்கார்ந்து முதல் கட்டை எடுத்தாள் ரத்தினம்மா. வளையத்தை உருவ விரலை விட்டாள். விரலில் வேறு ஏதோ தட்டியது.

ரப்பருக்கு அடியில், தண்டுகளைச் சுற்றி, ஒரு வாழைநார். முடிச்சு இல்லை. இரண்டு முனைகளும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு முனையில் ஈரமாகப் பல் பதிந்திருந்தது.

அடுத்த கட்டை எடுத்தாள். அதிலும் நார். எல்லாவற்றிலும்.

(ஒரு கையால் இதைச் செய்ய முடியுமா என்று பேனாக்களையும் பென்சில்களையும் ரப்பர் போட்டுக் கட்டி, நூலைச் செருகிப் பார்த்தேன். முடிகிறது, பல்லின் உதவியோடு. நேரம் பிடிக்கிறது. அவன் அவளுக்கு எவ்வளவு முன்னால் எழுந்திருக்க வேண்டும்!)

அவளுக்கு முதலில் தோன்றியது: தெரிந்துவிட்டது. பாதியை நான் செய்கிறேன், முடிச்சை மட்டும் நீ போடு என்கிறான். அவள் அந்த இரு முனைகளையும் பிடித்தாள்.

அடுத்த நொடி வேறு மாதிரித் தோன்றியது. தெரிந்துவிட்டது; குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுவது போல எனக்குக் காட்டினாயா, இந்தா, உன் நாரையும் நானே வைத்துவிட்டேன் என்கிறான். அவள் கை கூசியது.

மூன்றாவதாகத் தோன்றியதுதான் அவளை அங்கேயே உட்காரவைத்தது. ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். வாங்குகிறவர்கள் வளையத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்று சொன்னவள் அவள்தானே. பாவம், வீடு போகும்வரை தண்டு சிதறாமல் இருக்க அவர்களுக்கு ஒரு நார் வேண்டாமா என்று அவன் யோசித்திருக்கலாம். அவள் பொய்யை முழுசாக நம்பி, அந்தப் பொய் மனிதர்களுக்காக இருட்டில் எழுந்து, பல்லால் கடித்துக் கடித்து.

காலையில் கூடையைத் தூக்கித் தலையில் வைக்கத் தோள் கொடுத்தானே, அப்போது முகம் எப்படி இருந்தது? அவளுக்கு நினைவில்லை. எனக்கும் தெரியவில்லை. நான் அப்போது கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வளையங்களை உருவினாள். முனைகளை இழுத்து முடிச்சுப் போட்டாள். நார் எல்லாம் சரியான நீளத்தில் கிழிக்கப்பட்டிருந்தது. அவள் தன் இடுப்பிலிருந்த நாரைத் தொடவேண்டி வரவில்லை.

9

மூன்றில் எது என்று நான் முடிவுசெய்துவிட்டுத்தான் இதை எழுதியிருக்க வேண்டும். செய்யவில்லை. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வேறொன்றை நம்புகிறேன். ஆனால் அவள் மாலையில் வீட்டுக்குப் போயாக வேண்டும். அதை மட்டும் என்னால் தள்ளிப்போட முடியவில்லை.

போனாள். அவன் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இடது கையை நீட்டினான். அவள் வளையங்களைக் கழற்றிக் கொடுத்தாள், எல்லாவற்றையும். அவன் அவற்றைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். வெகுநாளைக்குப் பிறகு கேட்டான்.

"நாரு போதுமா இருந்துச்சா?"

இந்தக் கேள்வியை மூன்று பேரும் கேட்கக்கூடும்: தெரிந்து கைகொடுக்கிறவன், தெரிந்து குத்துகிறவன், தெரியாதவன். பதில் மூவருக்கும் ஒன்றாக இருக்க முடியாது. தப்பானவனுக்குப் போகும் பதில் அவனை மறுபடி சுவர்ப்பக்கம் திருப்பிவிடும்.

அவன் கேட்டு முடித்துவிட்டான். அவள் வாய் திறக்கப்போகிறாள். நீங்கள் அந்தத் தட்டி வீட்டுக்குள் என்னைவிட அருகில் நிற்கிறீர்கள்; அவன் முகம் உங்களுக்குத் தெரியலாம். தெரிந்தால் அவளுக்குச் சொல்லுங்கள். சீக்கிரம்.